கதவில்லாத குளிரில் ஐந்து கிலோமீட்டர்

வியாழக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு அல் கோபாரில் எங்கள் ரூமைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். தம்மாம் விமான நிலையத்திலிருந்து, சவூதியின் வடமேற்கு மூலையில் இருக்கும் தபூக் நகரத்துக்கு இரண்டேகால் மணி நேரம். போக வர டிக்கெட் ஆளுக்கு எழுநூற்று இருபது ரியால். எதற்குப் போகிறீர்கள் என்று டாக்சி ஓட்டிய மலையாளி கேட்டார். பனியில் ஓடப் போகிறோம் என்றேன். அதற்கப்புறம் அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

கூட வந்தவன் முருகேசன். அறந்தாங்கிப் பக்கம். உறைந்த கோழியும் மீனும் அடுக்கி வைக்கிற கிடங்கில் வேலை. மைனஸ் பதினெட்டு டிகிரி ஃப்ரீசருக்குள் போய்ப் பெட்டி எடுத்து வருகிறவன். நான் அதே கிடங்கில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் சேவியர், குளச்சல்காரன். ஆறு வருடமாக ஒரே ரூம். நான்கு வருடமாக டூட்டிக்கு முன்னால் கார்னீஷ் கடற்கரையில் தினமும் ஐந்து கிலோமீட்டர் சேர்ந்து ஓடுகிறோம். சண்டை போட்ட நாளிலும் ஓடியிருக்கிறோம், பேசாமல்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஃப்ரீசர் கதவு ஐஸ் கட்டி இறுகி, முருகேசன் உள்ளே நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டான். வெளியே எடுத்தபோது அவனால் விரலை மடக்க முடியவில்லை. விரல் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து ஃப்ரீசர் வாசலில் வெள்ளைப் புகை முகத்தில் அடித்ததும் கால் நகர மறுக்கிறது. சூடுபட்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இவன் குளிர்பட்ட பூனை. சூப்பர்வைசர் கொஞ்ச நாள் லாரியில் ஏற்றி இறக்க விட்டார். புதன்கிழமை கூப்பிட்டு, சனிக்கிழமை ஃப்ரீசருக்குள் போகவில்லையென்றால் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டோம், ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். முருகேசனின் பெண் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

தபூக் மலையில் வெள்ளிக்கிழமை பனி விழும் என்று அன்று மாலையே போனில் பார்த்தேன். அவனைக் குளிரோடு மறுபடி பழக்க வேண்டும், ஆனால் அங்கே கதவு இருக்கக் கூடாது. எனக்குத் தோன்றிய வைத்தியம் இவ்வளவுதான்.

"ஓடுனா சரியாயிருமா மாப்ள?" என்று கேட்டான்.

"ஓடிப் பாப்போம் மக்கா. இங்க கெடந்து என்ன செய்யப் போற?"

தபூக்கில் இரவு நான்கு டிகிரி. நூற்றிருபது ரியால் ரூமில், ஹீட்டருக்குப் பக்கத்துக் கட்டிலை அவனுக்கு விட்டேன்.

வெள்ளி காலை ஐந்தரை மணி. பிக்கப் வண்டியோடு கான் பாய் வந்தார். பெஷாவருக்கு வடக்கே மலைக்கிராமத்துக்காரர், தபூக்கில் பதினைந்து வருடம். பனி விழும் மலைமேல் இருக்கும் அல்கான் கிராமம் வரை போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவர முந்நூற்றைம்பது ரியால். நான் பின்சீட்டில் ஏற்றிய மூட்டையைத் தட்டிப் பார்த்தார். கிடங்கிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு ஃப்ரீசர் கோட்டும், அதற்கான பஞ்சு வைத்த பேண்ட்டும்.

"பாய், இது நிக்கிறவன் போடுறது. ஓடுறவன் போட்டா கெட்டான்" என்று இந்தியில் சொன்னார்.

ஃப்ரீசர் மெக்கானிக்குக்கே குளிரைப் பற்றிப் பாடமா என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

மீட்டரில் நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர். பாதி வழிவரை கல்லும் மணலும்தான். அப்புறம் ஓரத்துப் பாறைகளில் வெள்ளை ஒட்ட ஆரம்பித்தது. கடைசி வளைவுக்கு முன்னால் போலீஸ்காரர் நிறுத்தி டயரைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், "யல்லா", போங்கள் என்று கையை வீசினார்.

எட்டே கால் மணிக்கு அல்கான். நான் பார்த்த முதல் பனி இது. மலை, சாலை, முள்செடி எல்லாமே வெள்ளை. அழகு என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். என் தொழிலில் பனி என்றால் சுரண்டி எறிய வேண்டிய சமாச்சாரம். இந்த மலையைச் சுத்தம் பண்ண எத்தனை நாள் மெஷினை நிறுத்த வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. ரியாத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் கூடாரம் அடித்து, விறகு எரித்து, காபி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வண்டித் திரையில் மைனஸ் ஒன்று.

முருகேசன் வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்து வெளியே பார்த்தபடி இருந்தான். நான் வற்புறுத்தவில்லை. பத்து நிமிடம் கழித்து அவனே கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"அஞ்சு கிலோமீட்டர். ஒண்ணுகூட கொறையக் கூடாது" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

எட்டு ஐம்பதுக்கு ஓட ஆரம்பித்தோம். தார் ரோட்டின் நடுவில் வண்டித் தடம் சேறாகியிருந்தது, ஓரத்தில் கணுக்கால் ஆழம் பனி. நடுவில் ஓடினால் வழுக்கியது, ஓரத்தில் ஓடினால் ஷூ புதைந்தது. உயரமான இடம் என்பதால் இரண்டு நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் கான் பாய் சொன்னது புரிந்தது. கோட்டுக்குள் இருவரும் வியர்வையில் முக்கி எடுத்த மாதிரி நனைந்துவிட்டோம், நின்றால் அந்த ஈரம் முதுகில் சில்லென்று ஒட்டியது. ரோட்டோரத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்த சவூதிப் பெரியவர் ஒருவரிடம் சைகையில் கேட்டு, கோட்டையும் பேண்ட்டையும் கழற்றிக் கொடுத்தோம். உள்ளே டிராக் பேண்ட்டும் ஸ்வெட்டரும்தான்.

"மஜ்னூன்!" என்று தலையில் கை வைத்தார். பைத்தியக்காரப் பயல்கள் என்று அர்த்தம்.

"திரும்பிருவமா?" என்றேன். உண்மையில் எனக்குத்தான் நடுங்கியது.

"முழுக்க நனைஞ்சாச்சு, முக்காடு எதுக்கு? வா" என்று முன்னால் ஓடினான் முருகேசன்.

இரண்டாவது கிலோமீட்டரில் மேகம் இறங்கியது. முதலில் மலை காணாமல் போனது, பிறகு ரோடு. பத்தடிக்கு அந்தப்பக்கம் வெறும் வெள்ளை. ஃப்ரீசர் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அச்சாக அதே புகை. முருகேசன் நின்றுவிட்டான். முழங்காலில் கை ஊன்றி நாய் இளைப்பது போல இளைத்தான். ஒரு கை மட்டும் முன்னால் நீண்டு காற்றில் எதையோ தடவியது. அந்தக் கை எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"லேய் முருகேசா, கதவு கெடையாது. எந்தப் பக்கம் ஓடுனாலும் வெளிதான்."

நீட்டிய கையை எல்லாப் பக்கமும் வீசிப் பார்த்தான். எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு ஒன்று, இரண்டு என்று சத்தமாக அடி எண்ணிக்கொண்டே ஓட ஆரம்பித்தான். அவன் குரலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். இரண்டரைக் கிலோமீட்டரில் திரும்பினோம். நான்காவது கிலோமீட்டரில் மேகம் விலகியபோதும் அவன் எண்ணுவதை நிறுத்தவில்லை.

கார்னீஷில் முப்பத்தொரு நிமிடத்தில் முடிக்கிற தூரம். இங்கே ஐம்பத்து நான்கு நிமிடம். கோட்டை வாங்கக் கான் பாயின் வண்டியில் போனபோது, சவூதிப் பெரியவர் என் ஃப்ரீசர் கோட்டைப் போட்டுக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தார். எங்களை நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துச் சூடான இஞ்சிப் பால் கொடுத்தார். முருகேசன் சிரித்தான். ஐந்து வாரத்துக்கப்புறம் முதல் சிரிப்பு.

"சேவியரு, குளிரு என்னைய ஒண்ணும் பண்ணல. அந்தக் கதவுதான். அது ஏன் தொறக்கலன்னு மட்டும் தெரிஞ்சா நான் உள்ள போயிருவேன்."

எனக்குத் தெரியும். கதவு விளிம்பில் ஐஸ் கட்டாமல் இருக்க ஒரு ஹீட்டர் வயர் ஓடுகிறது. அது செத்துப்போனதை அவன் மாட்டுவதற்குப் பத்து நாள் முன்பே நான் பார்த்தேன். மாற்ற அரை நாள் ஃப்ரீசரைக் காலி பண்ண வேண்டும், மாசக்கடைசி லோடு நேரம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். அவனை வெளியே எடுத்த அன்று ஐஸ் உடைக்க ஃப்ரீசரை எப்படியும் காலி பண்ணினார்கள், அந்த மாலையே யாருக்கும் தெரியாமல் வயரை மாற்றிவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் ஈரப்பதம் அதிகம் என்றேன். பிறகு ஐந்து வாரம் அவனுக்கே தைரியம் சொன்னேன். வெட்கங்கெட்டவன்.

பால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முருகேசன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்துபோய் வண்டியில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தான். நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டரும் பேச்சில்லை. கான் பாய் என்னைக் கண்ணாடியில் பார்த்தார்.

விமானத்தில், தம்மாம் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது வாயைத் திறந்தான்.

"நாளைக்கு நீ மொத உள்ள போற. கதவ நான் சாத்துவேன். உள்ளேருந்து நீயா தொறந்து வரணும். அதுக்கு முன்னாடி, காலைல எங்கிட்ட சொன்னத லாக் புக்குல எழுதணும்."

"எழுதுதேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுதினேன். வயர் பழுது, எனக்குத் தெரிந்தும் மாற்றவில்லை, கையெழுத்து. சூப்பர்வைசர் படித்துவிட்டு என்னை மத்தியானம் ஆபீசுக்கு வரச் சொன்னார். போய்க்கொள்ளலாம் என்று ஃப்ரீசருக்குள் நுழைந்தேன், முருகேசன் கதவைச் சாத்தினான்.

அல்கானில் மைனஸ் ஒன்றும் காற்றும் இருந்தது. இங்கே மைனஸ் பதினெட்டு, காற்றில்லை. அங்கே குளிர் மேலே வந்து மோதியது. இங்கே அது அசையாமல் நிற்கிறது. கைப்பிடி கண்ணெதிரே இருந்தது. நானே மாட்டிய வயர், நானே சோதித்த கைப்பிடி. ஆனாலும் அதைத் தள்ளக் கை எழவில்லை. தள்ளித் திறக்காவிட்டால்? நாற்பது நிமிடம் என்பதை அப்போதுதான் நிமிடம் நிமிடமாக யோசித்துப் பார்த்தேன். கண் கலங்கியது, இமை ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் தள்ளினேன். திறந்தது.

முருகேசன் வெளிப்பக்கக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தான். ஃப்ரீசர் கோட்டுக்குக் கழுத்துவரை ஜிப் போட்டிருந்தான். உதடு மட்டும் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே காலை வைத்தான். வெள்ளைப் புகையில் முதுகு மறைந்தது. கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமானாலும் அப்படியே நிற்பது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கதவச் சாத்துடா, குளிரு வெளிய போவுது."