கொஞ்சம் கசியணும்

துணியின் ஒரு பக்கத்தில் வாயை வைத்து அம்மா ஊதினாள். மறுபக்கத்தில் மகளின் உள்ளங்கை.

"காத்து வருதா?"

"வரலை."

"அப்ப இது பேண்ட் இல்லடி, குக்கர். உள்ள இருக்கற காலு வெந்துரும்."

மலையேறுகிறவர்களுக்கான கடை அது. சுவர் முழுக்கக் கயிறும் கொக்கியும். கம்பியில் வரிசையாகத் தொங்கிய கால்சட்டைகளை அம்மா ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அம்மா, அதை மத்தவங்களும் போட்டுப் பார்ப்பாங்க" என்றார்.

"பல்லு விளக்கிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் அம்மா. பிறகு மகளின் காதருகே, "முன்பல்லு ரெண்டும் சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிக்குது பாரு. பாவம், நல்ல மனுஷன்."

அம்மாவுக்குத் தொழில் பொய்ப்பல் செய்வது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, வீட்டின் பின்னறையில் மெழுகை உருக்கிப் பல் வரிசைகளைப் பொருத்துவாள். கட்டைவிரல் நகத்தில் எப்போதும் வெள்ளையாக அச்சு மாவு ஒட்டியிருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். பெயர் மறந்துபோகும், பல் மறக்காது. "மேல்வரிசை நெருக்கமா இருக்குமே, அந்தம்மா" என்றால் எதிர்வீட்டுக்காரி. பொருத்தம் பற்றி அவளுக்கு ஒரே கொள்கை. "வாயில இருக்கறதே மறந்து போகணும். நாக்கு போய்ப் போய்த் தடவிப் பார்த்துச்சுன்னா அது என் தப்பு." செருப்பு, மூக்குக்கண்ணாடி, மருமகன் எல்லாவற்றையும் இந்த அளவுகோலால்தான் அளந்தாள்.

மலைக்குப் போக ஆரம்பித்தது அப்பா இறந்த பிறகு. "நாள் பூரா குனிஞ்சே வேலை. லீவு நாள்லயாவது நிமிர்ந்து பார்க்க ஒண்ணு வேணாமா?" பேக்கரிக்காரர், பஸ் டிரைவர், கணக்கு வாத்தியார், அம்மா. நான்கு பேருக்கு ஒரே கயிறு. முன்னால் ஏறுகிறவருக்கு அளவாகக் கயிறு விட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பது அம்மாவின் வேலை. அவளைப் போல் பொறுமை தனக்கே கிடையாது என்று குழுவின் தலைவரான பேக்கரிக்காரர் சொல்வார்.

போன வருஷம் ஒரு தப்பு செய்தாள். தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில், மழைக்குப் போடும் ரப்பர் பூசிய கால்சட்டையோடு பனிமலை ஏறினாள். வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. உள்ளிருந்து ஒரு சொட்டு வெளியே போகவும் இல்லை. ஏறும்போது ஊறிய வேர்வை, உச்சிக்குக் கீழே நின்றபோது குளிர்ந்துவிட்டது. தொடை நடுங்கியது. பல் தட்டியது. "ஊருக்கெல்லாம் பல்லு செய்யறேன், என் பல்லு என் பேச்சைக் கேக்கலை." உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து நான்கு பேரும் திரும்பினார்கள். இறங்கும் வழியில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம் புறப்படும் பேச்சு வந்தபோது பேக்கரிக்காரர் இழுத்து இழுத்துச் சொன்னார்: "அக்கா, நீங்க மலையடியில தங்கற குடில்லயே இருந்துக்கோங்களேன். நாங்க இறங்கி வரும்போது சூடா சூப் இருந்தா நல்லாருக்கும்."

"சூப்பு வைக்கவா நான் மலைக்குப் போறேன்? அதுக்கு என் அடுப்பங்கரை போதாதா?" இது வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னது. அவரிடம் சொன்னது வேறு. "தம்பி, என்னைத் திருப்பி அனுப்பினது மலை இல்ல, என் வேர்வை. நல்ல பேண்ட்டா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு வரேன். பார்த்துட்டு முடிவு சொல்லுங்க." அவர் அரை மனதாக ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் குன்றில் ஏறிப் பார்ப்பது. நடுங்காவிட்டால் கயிற்றில் அவள் இடம் அவளுக்கு.

அதற்காகத்தான் அன்று கடைக்கு வந்திருந்தார்கள்.

மகளுக்கு வேலை, குழாய்களும் வால்வுகளும் கசிகின்றனவா என்று சோதிப்பது. அவள் கை தானாகவே தடித்த துணிக்குப் போயிற்று. உள்பக்கம் மெத்தென்று இருந்தது. கடைக்காரரும் "குளிருக்கு இதுதாம்மா" என்றார்.

அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "உன் வேலையில ஒண்ணும் கசியக் கூடாது. என் பேண்ட் கொஞ்சம் கசியணும். ரெண்டையும் போட்டுக் குழப்பாத, இன்ஜினியரம்மா."

அவள் கையில் இருந்ததோ வலைக்குப் பக்கத்துச் சொந்தம். அவ்வளவு மெல்லிசு. சூடு கண்ட பூனையின் கதைதான். போன வருஷம் இழுத்து மூடியவள் இந்த வருஷம் ஒரேயடியாகத் திறந்துவிடப் பார்த்தாள்.

"நடக்கும்போது சரிம்மா. நிக்கும்போது காத்து அடிச்சா?" என்றாள் மகள்.

"நடந்துக்கிட்டே இருப்பேன்."

"கயிறு விடறது யாரு? நடந்துக்கிட்டேவா விடுவே?"

அம்மா நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து தள்ளினாள். வாதத்தில் தோற்றால் அப்படித்தான் செய்வாள். மெல்லிசு கம்பிக்குத் திரும்பியது.

பிறகு இருவரும் சேர்ந்து தேடினார்கள். முன்தொடையிலும் முழங்காலிலும் காற்றைத் தடுக்கும் நெருக்கமான நெசவு, முழங்காலுக்குப் பின்னால் மூச்சு விடும் மெல்லிய நெசவு என்று ஒன்று அகப்பட்டது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி ஒடுங்கியது. அம்மா பாட்டிலைத் திறந்து கொஞ்சம் தெளித்தாள். நீர் முத்து முத்தாக உருண்டு ஓடிற்று. தூறலும் பனியும் தாங்கும், அடைமழை தாங்காது என்றாள் மகள். "அடைமழைக்கு மேல ஒண்ணு மாட்டிக்கலாம். ஒரே பேண்ட் எல்லாத்தையும் பார்த்துக்கும்னு எவனாவது சொன்னா, அவன் விக்க வந்தவன்" என்றாள் அம்மா. கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

பெண்களுக்கான அளவில் அதற்குப் பை இல்லை. பை இருக்கவேண்டிய இடத்தில் பை மாதிரி ஒரு தையல் மட்டும் ஓடியது. "நாங்க கையை வீட்டுல கழட்டி வச்சுட்டா மலைக்குப் போறோம்?" என்றாள் அம்மா. அதே துணி ஆண்கள் வரிசையில், தொடையில் ஜிப் வைத்த பையோடு தொங்கியது. கயிறு கட்டும் பட்டையை இடுப்பில் மாட்டினால் இடுப்புப் பைகள் மூடிப்போகும்; தொடைப் பைதான் உதவும். அம்மா அதை எடுத்துக்கொண்டாள்.

காய்கறிப் பையில் தன் இடுப்புப் பட்டையைக் கொண்டுவந்திருந்தாள். கால்சட்டையைப் போட்டு, அதன்மேல் பட்டையை இறுக்கிக்கொண்டு, போட்டுப் பார்க்கும் அறையிலிருந்து வெளியே வந்தாள். நடுக்கடையில் குந்தினாள். எழுந்தாள். ஒரு காலைத் தூக்கி, பில் போடும் மேசையின் விளிம்பில் வைத்து, முழங்காலில் மோவாய் படும்வரை சாய்ந்தாள். காசு கொடுக்க நின்றிருந்த ஒருவர் இரண்டடி பின்வாங்கினார். கவட்டில் சாய்சதுரமாகத் தனித் துண்டு வைத்துத் தைத்திருந்ததால் எங்கும் பிடிக்கவில்லை. பட்டைக்கும் பொத்தானுக்கும் நடுவே மகள் விரல் விட்டுப் பார்த்தாள். உறுத்தல் இல்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"எது?" என்றாள் அம்மா.

நீளம் மட்டும் கூடுதல். ஆண்கள் அளவு, குதிகாலைத் தாண்டிச் சுருண்டு கிடந்தது. பனியில் காலணிக்கடியில் மாட்டும் இரும்பு முட்கள் தொங்கும் துணியில் சிக்கினால் ஆள் குப்புற விழவேண்டியதுதான். தையற்காரரிடம் தான் கொண்டுபோவதாக மகள் சொன்னாள்.

"வேணாம், நானே போறேன். நின்னு காட்டணும். என் காலையுமா நீ எடுத்துட்டுப் போவே?"

அந்த வாரமே ஒரு காலையில், பின்னறையில், மெழுகு உருக்கும் விளக்கின் முன்னால் குனிந்தபடியே அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. மகள் வந்து சேர்வதற்குள் விளக்கை யாரோ அணைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் வந்தார். அவர்கள் குன்றுக்குப் போவதாக இருந்த நாள். கையில் ரொட்டி, வெறுங்கையோடு எங்கும் போகத் தெரியாத மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு சூப்புன்னு நான்..." என்று தொடங்கியவர் ரொட்டியை மேசைமேல் வைத்தார்.

மகளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அம்மாவைக் கயித்துல சேர்த்திருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டுட்டு வந்து காட்டறேன்னாங்கம்மா. பார்க்காம நான் என்ன சொல்ல?"

அவள் வாசல் கதவைக் காட்டினாள். வெளியே எடுத்துப் போகவேண்டியதைக் கதவின் உள்பக்கக் கைப்பிடியில் மாட்டிவைப்பது அம்மாவின் வழக்கம். தையற்காரரிடம் போகவேண்டிய கால்சட்டை அங்கே தொங்கியது. ஒரு காலை மட்டும் மடித்துத் துணி கிளிப் போட்டிருந்தாள். மறுகால் தரையைத் தொட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் அதை ஒதுக்கித்தான் உள்ளே வந்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

பேக்கரிக்காரர் எழுந்து போனார். முழங்கால் துணியைக் கட்டைவிரலால் அழுத்தினார். பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொடைப் பையைத் திறந்து மூடினார். இழுத்து விட்டுப் பார்த்தார். தன் உயிரைக் கட்டப்போகிற கயிற்றைப் பார்க்கிறவரைப் போல நிதானமாகப் பார்த்தார்.

"சரியா எடுத்திருக்காங்க" என்றார். "இதுல நடுங்கியிருக்க மாட்டாங்க."

மகள் தலையசைத்தாள். "நீளம்தான்" என்றாள்.

"ஆமா. நீளம்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவை இழுத்தார். மடிக்காத கால் கதவிடுக்கில் சிக்கப் பார்த்தது. அவர் நின்றார். குனிந்து, கையை உள்ளே விட்டு, அந்தத் துணியை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, விரல்களைக் கடைசியாக உருவியபடி கதவைச் சாத்தினார்.