தெம்பனிஸில் ஏழரை மணி வெளிச்சம்

1965 மார்ச். நகரத்தின் நடுவே குண்டு வெடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பேருந்தில் யாராவது பையை வைத்துவிட்டு எழுந்தால் எல்லோரும் அந்தப் பையையே பார்த்தார்கள். அந்த நாட்களில்தான், நகரத்துக்கு வெளியே தீவின் கிழக்கே இருக்கும் தெம்பனிஸ் போனேன். வானத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்க்க.

உண்மையில், ஒரு மனிதரைப் பார்க்க.

காதர் பாய். ஜாலான் புசாரில் ஓர் இரும்புக்கடையின் மாடியில், யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்த என் அறைக்கு அடுத்த அறை அவருடையது. சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு கம்பம் என்கிற கிராமங்களுக்கெல்லாம் போய்த் தவணைக்கு விற்பவர். செவ்வாய்க்கிழமை தெம்பனிஸ். அங்கே மணல் குழிகளை ஒட்டிய தமிழர் குடியிருப்பில், அவர் வரும் நாளில் மேற்கே ஒரு வெளிச்சம் எழும்புகிறது, அது எழும்பியதும் அவர் கிளம்பிவிடுகிறார் என்று பேச்சு. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படகில் குண்டோடு வருகிறவர்களுக்குச் சைகையாம். அடுத்த செவ்வாய் வந்தால் போலீஸில் ஒப்படைப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவருக்குக் குடியுரிமை கிடையாது. நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்ற ஒரு சந்தேகம் போதும்.

போகாமல் இருந்துவிடலாமே என்றேன். போகாவிட்டால் அதுவே சாட்சியாகிவிடும் என்றார்.

“நீங்களும் வாங்க தம்பி. படிச்சவர் பக்கத்துல நின்னா கை வைக்க யோசிப்பாங்க.”

சரி என்றேன். அறைக்கு வந்து யோசித்தேன். இரண்டு வருடமாக ஒரே சுவரின் இரண்டு பக்கம். அவர் இருமுவது தெரியும். வேறென்ன தெரியும்?

வழி சொல்லிவிடுகிறேன். ஃபேரர் பார்க் பக்கம் நடந்து சிராங்கூன் சாலையில் பேருந்து பிடிக்க வேண்டும். ஆறாங்கட்டை, அதாவது ஆறாவது மைல்கல் வரை பதினைந்து காசு. அங்கே இறங்கி, தெம்பனிஸ் சாலையில் போகும் வண்டி. இன்னொரு பதினைந்து காசு. இந்த இரண்டாவது வண்டிக்கு நேரம் என்று ஒன்றும் இல்லை. ஆள் சேர்ந்தால் கிளம்பும். நான் நாற்பது நிமிடம் நின்றேன். பாய் சைக்கிளில் எப்போதோ போய்விட்டார்.

கண்டக்டர் என் பையைத் திறந்து காட்டச் சொன்னார். ஒரு துண்டு, இரண்டு புத்தகம். புத்தகங்களைத்தான் அதிக நேரம் பார்த்தார். மாணவர்கள் மேலும் அப்போது சந்தேகம் இருந்தது.

விமான நிலையத்து வேலி. பிறகு கோழிப்பண்ணைகள், ரப்பர் மரங்கள், வெள்ளையாகத் தோண்டிப் போட்ட மணல். இறங்கும்போது மணி ஆறு. குடியிருப்புக்குப் போகும் மண்பாதையில் ஒரு தடுப்புக்கட்டை. எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். அதன் பக்கத்தில் கையில் பட்டை கட்டிக்கொண்டு முத்தையா நின்றிருந்தார். மணல் குழியில் கங்காணி, இரவுக் காவல் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கெட்டவராகத் தோன்றவில்லை. எனக்கு ஒரு நாற்காலி போட்டு, கோப்பி வரவழைத்து, அதன் பிறகுதான் என் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டார்.

வெளிச்சம் இரண்டு என்றார். கிழக்கே சிவப்பாக ஒன்று. மேற்கே வெள்ளையாக ஒன்று. சிவப்பை நான் உடனே தீர்த்துவிட்டேன். இந்த மாதம் செவ்வாய் கிரகம் பூமிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருட்டியதும் கிழக்கே பளிச்சென்று தெரியும். அவர் தலையசைத்தார். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

“வெள்ளைய சொல்லுங்க. அது நகருது.”

பாய் ஒரு வீட்டு வாசலில் துணி விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரே பாக்கியம் அக்கா. அந்த வீட்டுக்காரி. யாரும் துணி வாங்காத அன்றைக்கு அவர் மட்டும் ஒரு கைலியைப் புரட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். நான் பாயையே கவனித்தேன். விலை சொல்வார், மேற்கே பார்ப்பார். துணியை மடிப்பார், மேற்கே பார்ப்பார். முத்தையா என்னைப் பார்த்தார்.  

ஏழரை. ரப்பர் மரங்களுக்கு மேலே ஒரு வெளிச்சம் ஏறியது. மஞ்சள் கலந்த வெள்ளை. சத்தமில்லை. விமானத்தைவிட மெதுவாக, கொஞ்சம் ஆடிக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து மேலே போனது. சில நிமிடத்தில் மேகத்துக்குள் நுழைந்து காணாமல் போனது.

பாய் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் பார்க்க, இன்றைக்கும். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

ஏன் இப்போதே கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“எனக்கு மணி அதுதான் தம்பி,” என்றார். “வாட்ச் கட்டிட்டு வசூலுக்கு வந்தா, பாய்தான் வசதியா இருக்காரே, அடுத்த வாரம் தரேன்பாங்க. இது ஏறினா ஏழரை. தடுப்பு மூடுறதுக்குள்ள போயிடலாம்.”

“அது என்னன்னு யாரையும் கேட்டதில்லையா?”

“கேட்டா, ஏன் கேக்குறேன்னு கேப்பாங்க.”

பொய்யாக இருக்க முடியாத அளவுக்குச் சாதாரணமான பதில். அதனாலேயே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு ஒன்று தோன்றியது. முத்தையாவிடம் மற்ற நாட்களில் வானத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“மத்த நாள் எதுக்குப் பார்க்கணும்? பாய் செவ்வாய்க்கெழமதானே வரார்.”

பாக்கியம் அக்கா சிரித்துவிட்டார். முத்தையா சிரிக்கவில்லை. ஆனால் போலீஸுக்கு ஆள் அனுப்பவும் இல்லை. நாளை பாய் ஜாலான் புசாரை விட்டு நகரமாட்டார், நான் மட்டும் வருகிறேன் என்று பேசி முடித்தோம்.

புதன்கிழமை. அதே முப்பது காசு, அதே கண்டக்டர். இந்த முறை பையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். ஏழரைக்கு வெளிச்சம் ஏறியது. நிம்மதியாக முத்தையா பக்கம் திரும்பினேன்.

“சரி, பாய் இல்ல,” என்றார். “ஆனா இன்னிக்கு நீங்க வந்திருக்கீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. யுனிவர்சிட்டி பசங்க எல்லாம் ஒரு மாதிரிதானே லா என்று பின்னாலிருந்து ஒரு குரல்.  அப்படியானால் அடுத்த செவ்வாய் வரை இரண்டு பேருமே வரமாட்டோம், தினமும் நீங்களே பாருங்கள் என்றேன். தடுப்பைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஓடுவதுபோலத் தெரியக்கூடாது என்பதற்காக மெதுவாக நடந்தேன்.

இடையில் நூலகத்தில் தேடினேன். விமானமென்றால் சத்தம் கேட்கும். செயற்கைக்கோள் மரத்துக்குப் பின்னாலிருந்து ஆடி ஆடி எழும்பாது. ராணுவத்தின் ஒளிக்குண்டு மேலிருந்து கீழே இறங்கும். ஒன்று மட்டும் பொருந்தியது. காற்றின் போக்கை அளக்க வானிலைக்காரர்கள் நேரம் தவறாமல் பலூன் விடுவார்கள். இருட்டிய பிறகு விடும் பலூனில், தொலைநோக்கியால் பின்தொடர ஒரு சின்ன விளக்கைத் தொங்கவிடுவது உண்டு. திசை விமான நிலையத்தின் திசை. சாய்ந்தது காற்று போகும் பக்கம். எல்லாம் சரி. ஆனால் பலூனை நான் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று காவலாளியைக் கேட்கலாம் என்று ஒருநாள் போனேன். கேட்கவில்லை. ஏன் கேட்கிறாய் என்பார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனோம். நான் பேருந்திலிருந்து இறங்கிய இடத்திலிருந்து பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஏறி ஓட்டவில்லை. முத்தையாவின் கண்கள் சிவந்திருந்தன.

“எல்லா நாளும் ஏறிச்சு,” என்றார். “பாய்தான்னு நெனச்ச வரைக்கும் தூங்கினோம் தம்பி. இப்ப யாருன்னு தெரியல.”

பலூனைப் பற்றிச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். கண்ணால் பார்த்தீங்களா என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான். ஆனால் அன்று முன்னதாகவே இறக்கியிருந்த தடுப்புக்கட்டையை அவரே தூக்கிவிட்டார். பாய் குனிந்து சைக்கிளை உள்ளே தள்ளினார்.

ஏழரைக்குக் குடியிருப்பே வாசலில் நின்று மேற்கே பார்த்தது. பாயை யாரும் பார்க்கவில்லை. அவரும் வானத்தைப் பார்க்கவில்லை. பாக்கியம் அக்கா எடுத்த கைலியை மடித்துக் கொடுத்துவிட்டு, குனிந்தபடி மூட்டையைக் கட்டினார்.

போக விரும்புகிறவர்களுக்கு: மழை இல்லாத நாளாகப் போங்கள். போக வர அறுபது காசு, கோப்பிக்குத் தனியாக. ஆறரைக்குள் சேர்ந்துவிடுங்கள், எட்டுக்குள் தடுப்பைத் தாண்டிவிடுங்கள். அடையாள அட்டை அவசியம். புத்தகம் வேண்டாம். அங்கே யாரிடமும் வெளிச்சத்தை விளக்காதீர்கள். ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். இரண்டு நாளாவது வேண்டும். அதில் ஒன்று நீங்கள் போகாத நாளாக இருக்கட்டும்.