நாற்பத்தொன்பதில் உடற்கட்டுப் போட்டி மேடை ஏறிய வரலாறு

இதனை நான் எழுதியே தீர வேண்டியிருக்கிறது. சென்ற சனிக்கிழமை மாலை, திடலை அடுத்த மண்டபத்தில் நடந்ததைப் பற்றி இவ்வூரில் மூன்று செய்திகள் உலவுகின்றன.

பினாங்குத் தெருவில், நான் மேடையில் மயங்கி விழுந்ததாகச் சொல்கிறார்கள். சூலியா தெருவில், நானே முதற்பரிசு பெற்றதாகச் சொல்கிறார்கள். துறைமுகப் பக்கம் கேட்டால், அரைக்கச்சையோடு வீடு வரை ஓடினேனாம்! மூன்றும் பொய். மூன்றையும் சொல்பவர்கள் அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் என்பதுதான் வியப்பு.

அது மட்டுமன்று. பத்திரிகையின் இந்தப் பகுதியை நான் தொடர்ந்து எழுதலாமா, எழுதுகோலைக் கீழே வைத்துவிட வேண்டுமா என்பதும் அந்த மாலையையே பொறுத்திருந்தது. ஆகையால் உண்மையை அறியும் உரிமை உங்களுக்கு உண்டு.

எட்டுத் திங்களுக்கு முன் இதே இடத்தில், நம் இளைஞர்களின் கூனல் முதுகைப் பற்றிக் கடுமையாக எழுதினேன். நினைவிருக்கும். “உடலை ஓம்பாதவன் தமிழை எங்ஙனம் ஓம்புவான்?” என்றெல்லாம் கேட்டிருந்தேன். எழுதும்போது சாய்வு நாற்காலியில் படுத்திருந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

அந்த வாரம் எங்கள் வாசகசாலைக்குப் போனேன். அதன் செயலாளர் முத்துக்குமாரு, மளிகை வணிகர், என் நெடுநாள் நண்பர். என் கட்டுரையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் வயிற்றைப் பார்த்தார். முகத்தை அன்று, வயிற்றை.

“பண்டிதரே, பையனுங்க முதுகெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. உங்க பானை தெரியலையா?”

சபை சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் எட்டுத் திங்கள் உளுந்தங்கஞ்சி குடித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முப்பது ஆண்டு மேடையில் பேசியவனுக்குச் சிரித்து விடத் தெரியுமா?

மறுவாரமே இப்பகுதியில் சூளுரைத்தேன்: இவ்வாண்டு நடக்கும் உடற்கட்டுப் போட்டியில் நானே நிற்பேன், நடுவர்கள் என் பெயருக்கு நேரே ஒரு மதிப்பெண்ணேனும் எழுதாவிடில், இப்பகுதியை விட்டு விலகுவேன்.

ஆசிரியர் அந்த வரியைத் தடித்த எழுத்தில் அச்சிட்டார். அவர் அவ்வளவு விரைந்து எதையும் அச்சிட்டு நான் கண்டதில்லை.

பயிற்சிக்கு யாரிடம் போவது? துறைமுகத்தில் சரக்குத் தோணிகளை மேற்பார்க்கும் காசிம் என்பவரைச் சொன்னார்கள். முப்பத்திரண்டு வயது, கதவுக்குக் குறுக்கே நின்றால் வெளிச்சம் மறையும் உடல். கரையோரச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில், கூலியாட்கள் வருமுன் விடியற்காலையில் தன்னந்தனியே பயிற்சி செய்பவர். இரும்புக் கம்பியின் இரு முனையிலும் பழைய நங்கூரச் சங்கிலியைச் சுற்றி வைத்திருந்தார். அதுதான் பள்ளி, அதுதான் பாடநூல்.

“எந்த நாட்டுத் தசைநூல் முறையைத் தாங்கள் பின்பற்றுகிறீர்கள்?” என்று வினவினேன்.

காசிம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐயா, பேச்செல்லாம் அப்பறம். முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க லா.”

கழற்றினேன்.  அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “போலே... போலே... செஞ்சிரலாம்” என்றார். முடியும் என்று பொருள். ஆனால் இடிந்த சுவரைப் பார்த்துக் கொத்தனார் சொல்லும் ‘முடியும்’ அது.

முதல் நாள் கம்பியைத் தூக்கினேன். கம்பி எழவில்லை, நான் குனிந்தேன், குனிந்தவன் எழவில்லை. காசிம்தான் தூக்கி நிறுத்தினார். அவருக்கு அன்றைய பயிற்சி என்னாலேயே முடிந்தது.

“பெலான் பெலான், ஐயா. அவசரம் வேணாம். ராத்திரிக்கு ஆறு முட்டையைப் பச்சையா உடைச்சு ஊத்திக்கிட்டு வாங்க.”

“தம்பி, நான் சைவன்.”

“முட்டையும் கூடாதா?”

“கூடாது.”

“மீனு?”

“சைவன் என்றேனே!”

“அப்ப தசை எதுலேருந்து வரும்? தேவாரத்துலேருந்தா?”

நியாயமான வினா. உளுந்து, கடலை, பால் என்று உடன்பாடு கண்டோம். என் மனைவி சிவகாமியிடம் பட்டியலைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுக் கேட்டாள்:

“ஏங்க, இது உங்களுக்கா, இல்ல எருமை ஏதும் வாங்கப் போறீங்களா?”

ஆயினும் ஆட்டுரலில் உளுந்தை அரைத்துத் தந்தவள் அவளே. போட்டிக்குரிய அரைக்கச்சையைத் தைத்தவளும் அவளே. காசிம் சொல்லியனுப்பிய அளவைப் பார்த்து இரண்டு நாள் தைக்காமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள், “இந்தத் துணியில உங்க தலைப்பாகைக்கு ஒரு சுத்து வராது. இதை மட்டும் கட்டிக்கிட்டா ஊர் முன்னால நிக்கப் போறீங்க?” என்றாள். அதற்கு நான் கிரேக்கரின் சிற்பக்கலையைப் பற்றி விரிவாக விளக்கினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஒன்றை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியின் ஐந்தாம் திங்களில் என் கைகளில் ஏதோ நிகழ்ந்தது. முழங்கைக்கு மேலே, வெறும் தோலும் சதையுமாகத் தொங்கிய இடத்தில், ஒரு மேடு எழுந்தது. முதலில் வீக்கம் என்றே எண்ணினேன். அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. மடக்கினேன், உருண்டது. நீட்டினேன்; மறைந்தது. மீண்டும் மடக்கினேன்...

அன்று வகுப்பில் இலக்கணம் நடத்தும்போது, கரும்பலகையின் உச்சியிலேயே எழுதினேன். கடைத்தெருவில் நடந்தால் கண்ணாடிக் கதவுள்ள கடைகளின் பக்கமாகவே நடந்தேன். துணிக்கடைச் செட்டியார் இரண்டு முறை எழுந்து வந்து, “என்ன வேணும் வாத்தியாரையா?” என்று கேட்டுவிட்டார். என்ன சொல்வது? என் தோளைப் பார்க்க வந்தேன் என்றா?

சூளுரைக்காகத் தொடங்கியவன் நான். ஆனால் அந்த நாள்களில் சூளுரை மறந்தே போயிற்று. நாற்பத்தொன்பது ஆண்டு என்னைத் தூக்கிச் சுமந்த உடல்; அதை ஒருவரேனும் நின்று பார்த்து ‘நன்று’ எனச் சொல்ல மாட்டாரா என்னும் ஏக்கமே மிஞ்சியது. கவிதை எழுதியவன் கேட்பவரைத் தேடுவதில்லையா? அவ்வாறே.

சனிக்கிழமை வந்தது.

பதினோரு போட்டியாளர். சீனர், மலாய்க்காரர், சட்டைக்காரர் என்னும் ஐரோப்பியக் கலப்பினத்தார் எனப் பல இனத்து இளைஞர்கள். மூவர் கொண்ட நடுவர் குழு. தலைமை நடுவர், ஓய்வு பெற்ற ஆங்கிலப் படை அதிகாரி. காசிம் விதிகளை எனக்கு இன்னொரு முறை சொன்னார்.

“ஐயா, மூணே நிமிஷம். முன்பக்கம் காட்டணும், திரும்பி முதுகு காட்டணும், அப்பறம் கை. மணி அடிச்சா இறங்கிரணும். ரெண்டாவது தடவை கிடையாது. புரிஞ்சுதா? யாரையும் பாக்காதீங்க. பேசிராதீங்க. முக்கியமா, பேசிராதீங்க.”

பெயர் அழைக்கும் வரை வேட்டியைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு திரைமறைவில் அமர்ந்திருந்தேன். எண்ணெய் பூசிய உடல் வழுக்கியது. பெயர் வந்தது. வேட்டியைக் காசிமிடம் கொடுத்தேன். மூச்சை உள்ளிழுத்துத் திரையை விலக்கி இரண்டடி வைத்தேன்.

இரண்டடிதான்.

மேடையின் ஓரத்தில் முத்துக்குமாரு நின்றிருந்தார். கையில் ஆளுயர ரோசா மாலை. பின்னால் வாசகசாலை உறுப்பினர் இருவர். ஒருவர் கையில் சரிகைப் பொன்னாடை, மற்றவர் கையில் கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துமடல்.

இதை எப்படி நான் எதிர்பாராமற் போனேன்? நம்மவர் ஒருவர் மேடை ஏறினால், வெறுங்கழுத்தோடு நிற்க விடுவோமா? எந்த மேடை, எதற்கான மேடை என்று பார்ப்பது நம் மரபிலேயே இல்லையே!

மாலை விழுந்தது. மார்பு மறைந்தது. பொன்னாடை விழுந்தது. அது தோளில் தொடங்கிக் கணுக்கால் வரை வழிந்தது. முதல் வரிசையில் சிலர் என் வலத்தோளின் ஓரத்தை ஒரு நொடி கண்டிருக்கலாம். அதற்கு மேல் இல்லை.

“தமிழன்னையின் தவப்புதல்வரே!” என்று முத்துக்குமாரு தொடங்கினார்.

திரைக்குப் பின்னிருந்து காசிமின் குரல்: “ஐயா! சால்வையைக் கழட்டுங்க லா! நேரம் ஓடுது!”

கழற்றலாம். கையைத் தூக்கினால் போதும். ஆனால், வாழ்த்துமடல் படிக்கப்படும்போது அசைவதும் ஆடையைத் திருத்துவதும் பண்பற்ற செயல் என்று இதே பகுதியில் இரண்டு முறை எழுதியவன் யார்?  என்னைப் பானை என்ற அதே வாய், இப்போது ‘குன்றன்ன தோளோய்’ என்றது. அந்தக் குன்றைத் தாமே மூடி வைத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் கண்களில் நீர். எப்படிக் கழற்றுவேன்?

கைகூப்பினேன். தலை தாழ்த்தினேன். நின்றேன்.

மணி அடித்தது. முத்துக்குமாரு நிறுத்தவில்லை. நம் வாழ்த்துமடல்கள் மணிக்கு அஞ்சி நின்றதாக வரலாறு உண்டோ? மணியடிப்பவர் மறுபடி ஓங்கினார். அப்போது தலைமை நடுவர் கையுயர்த்தி அவரைத் தடுத்தார். இது இந்துக்களின் சமயச் சடங்கு, இடையூறு செய்யலாகாது என்று கருதினாராம்! தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எழுசீர் விருத்தம் எட்டும் முடிந்தன. உரைநடை வாழ்த்து முடிந்தது. நன்றியுரையும் முடிந்தது. கைதட்டல் மண்டபத்தை அதிர்த்தது.

நான் இறங்கினேன். முன்பக்கமும் காட்டவில்லை, முதுகும் காட்டவில்லை.

காசிம் ஒரு மரப்பெட்டியின் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எட்டு மாசம், ஐயா... எட்டு மாசம்...”   நான் இப்பகுதிக்குரிய விடைபெறும் வரிகளை மனத்துள் கோக்கத் தொடங்கிவிட்டேன்.

முத்துக்குமாரு ஓடி வந்தார். “எப்படி இருந்துச்சு பண்டிதரே? ஒரு பயலுக்காவது மாலை போட்டாங்களா பாத்தீங்களா? உங்களுக்கு மட்டுந்தான்!”

அவரைக் கோபிக்க என்னால் இயலவில்லை. “பெருமை” என்றேன்.

முடிவுகளைப் படித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து கட்டம்: மார்பு, புயம், முதுகு, கால், நிற்கும் நிலை. என் பெயர் இறுதியில் வந்தது. மார்புக்கு மதிப்பெண் இல்லை, ஒரு கோடு. புயத்துக்கு ஒரு கோடு. முதுகுக்கும் காலுக்கும் கோடு. பிறகு தலைமை நடுவர் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். காசிம் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஐயா! நிக்கிற நிலைக்குப் பத்துக்குப் பத்து போட்டுட்டாங்க! பத்து நிமிஷம் கண்ணு கூட சிமிட்டாம, கூப்பின கை நடுங்காம நின்னது நீங்க மட்டுந்தானாம்! பட்டாளத்துலயே அப்படி ஒருத்தனை அவரு பாத்ததில்லையாம்!”

பதினோராம் இடம். ஆனால் மதிப்பெண் உண்டு!

அன்று வீடு திரும்பும்போது ரிக்ஷாவில் எண்ணிப் பார்த்தேன். எட்டுத் திங்கள் சங்கிலி தூக்கிப் பெற்ற தசைக்கு ஒரு கோடு. முப்பது ஆண்டு நம் கூட்டங்களில் வரவேற்புரை, முன்னுரை, வாழ்த்துரை, நன்றியுரை ஆகியவற்றைக் கொட்டாவியடக்கிக் கேட்டு நின்ற பயிற்சிக்குப் பத்துக்குப் பத்து! இப்பயிற்சி நம்முள் எத்தனை பேருக்கு உண்டு! இப்போட்டியில் நாம் இத்தனை நாள் சேராதிருந்தது எவ்வளவு பெரிய இழப்பு!

இன்னொன்றும் தோன்றியது. நம்மிடையே ஒருவன் எதையேனும் செய்து காட்ட வந்தால், முதலில் அவனைப் போர்த்துகிறோம். பிறகு அவனைப் பற்றிப் படிக்கிறோம். அவன் என்ன செய்ய வந்தான் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. பார்க்க நேரம் ஏது? மணி அடித்துவிடுகிறதே!

வாயிலில் சிவகாமி நின்றிருந்தாள். பொன்னாடையைத் தடவிப் பார்த்தாள்.

“சரிகை நல்லா இருக்கு. உடம்பைப் பாத்தாங்களா?”

“ஒருவரும் பார்க்கவில்லை.”

“அப்பாடா!” என்றாள். “மானம் தப்பிச்சுது.”

ஆசிரியரோ, மதிப்பெண் மதிப்பெண்தான், தொடர்ந்து எழுதுக என்கிறார். சூளுரைத்த போது நான் கருதியது இந்த மதிப்பெண்ணை அன்று. ஆதலால் அது செல்லுமா என்பதை உங்கள் நேர்மைக்கே விட்டுவிடுகிறேன்.

மேலே எழுதியவற்றில் விருத்தங்களின் எண்ணிக்கை, நடுவரின் சொல், மாலையின் நீளம் ஆகியவற்றில் பிழை இருப்பின், அன்று உடனிருந்தோர் எழுதித் திருத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் தோள்களைப் பற்றிய பகுதிக்கு மட்டும் திருத்தம் வராது. அவற்றை முழுதாகக் கண்டவர் காசிம், சிவகாமி ஆகிய இருவரே. இருவருக்கும் பத்திரிகைக்கு எழுதும் பழக்கம் இல்லை.