காரை விட்டு இறங்கக் கூடாத நாடு

மொன்றியலில் இருந்து தெற்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம். வீதிப் பலகைகளில் இலக்கங்கள் அதேபோலத்தான் இருக்கும். எல்லையைத் தாண்டியதும் கிலோமீற்றர் மைலாகிவிடும். அது என் நினைவில் இல்லை. அறுபத்தைந்து என்ற பலகையைப் பார்த்து, அறுபத்தைந்து கிலோமீற்றர் வேகத்தில் காரை உருட்டிக்கொண்டிருந்தேன். லொறிகள் ஹோர்ன் அடித்துக் கடந்தன. பக்கத்தில் கணவர் நித்திரை. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் கார் ஓடுவதில்லை. அங்கிருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அன்றுதான் முதன்முறையாக நான் காரை ஓடிக்கொண்டு போனேன்.

பின்னால் பொலிஸ் காரின் விளக்குகள் மின்னின. கரையில் நிறுத்திய கையோடு, கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு ஏனென்று விளங்கும். போர்க்காலத்தில் ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நடந்து, பையைத் திறந்து காட்டவேண்டும். காய்ச்சலோடு இருக்கையில் சாய்ந்திருந்த என் அண்ணையை, இறங்கப் பிந்தியதற்காகத் தனியே கூட்டிப்போய் மாலையில்தான் விட்டார்கள். அதன்பின் பஸ் மெதுவாகும்போதே நான் எழுந்துவிடுவேன்.

"கெட் பாக்!" என்று அந்த இளம் பொலிஸ்காரர் கத்தினார். திரும்பி ஏறச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்டதோ 'பாக்' மட்டும். பையைக் காட்டச் சொல்கிறார் என்று நினைத்து, சிப்பை இழுத்து உள்ளே கையை விட்டேன். அவர் கை இடுப்பு உறையிலிருந்த துவக்குக்குப் போனது.

"பையைக் கீழ போட்டிட்டு ஏறும்! ஏறுமப்பா!" விழித்தெழுந்த கணவரின் குரல் உடைந்திருந்தது. போட்டேன். ஏறினேன்.

யன்னலடிக்கு வந்தவர் துவக்கிலிருந்து கையை எடுக்காமல் என் கைகளையே பார்த்தார். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் இறங்காவிட்டால்தான் ஆபத்து என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். துவக்கிலிருந்து கையை எடுத்தார். "இங்கே உள்ளேயே இருங்கள், அம்மா. கைகள் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். பைக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாதே" என்றார். இவ்வளவு மெதுவாக ஓடக்கூடாது என்று எச்சரித்து, பையை எடுத்துத் தந்துவிட்டுப் போனார். துவக்கு வைத்திருப்பவர் பயந்து நான் அதற்குமுன் கண்டதில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

"போதும், திரும்பிப் போவம். இனிப் பஸ்ஸில வருவம்" என்றார் கணவர்.

"இல்லை. நான்தான் ஓடுவன்."

"உமக்குப் பயமில்லையோ?"

"இருக்கு. அதுக்காக ஓடாமல் இருக்கேலாது."

மொன்றியல் திரும்பியதும் வீட்டின் பின்புறக் கார்த் தரிப்பிடத்தில் கணவரைப் பொலிஸாக்கி, கண்ணாடியில் தட்டச் சொல்லி, இறங்காமல் இருக்கப் பழகினேன். அசல் பொலிஸைவிட மோசமாக அதட்டினார். தங்கச்சி வீட்டுக்கு இப்போது மாதந்தோறும் போகிறோம், நான்தான் ஓடுகிறேன்.

போன கிழமை வேலைக்குப் போகையில், இங்கே சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு பொலிஸ் கார் என்னை மறித்தது. "போன்ஜூர், மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார் பொலிஸ்காரர். பின்விளக்கு எரியவில்லையாம். என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்தன. இடது கால் மட்டும் கதவுப் பக்கம் திரும்பி, இறங்கத் தயாராக நின்றது.