‘மக்கும்’ என்று அச்சடித்த மூடி

மாநகராட்சி ஆணையர் அவர்களே, மார்ச் பதினொன்றாம் தேதி முற்பகலில், மக்கும் மூடியைத் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் என்று கூறி, என் அக்காவின் சமையற்கூடத்தைச் சுகாதார ஆய்வாளர் பூட்டி முத்திரையிட்டார். இதுவே என் குற்றச்சாட்டு.

அக்காவை அறியாதவர்க்கு இதன் கனம் விளங்காது. மருத்துவமனை உணவகத்தில் பாத்திரம் தேய்த்தே கை வெடித்தவர் அவர். பிறகு சொந்தமாக அடுப்பு மூட்டி, அலுவலகங்களுக்கு மதிய உணவு அனுப்பினார். ஒரு மழையில், பிளாஸ்டிக் பைகள் அடைத்த சாக்கடை பொங்கி அடுப்படிக்குள் வந்தது. மறுவாரமே கரும்புச் சக்கைக் கிண்ணத்துக்கும் சோள மாவிலிருந்து செய்த மூடிக்கும் மாறினார். மூடி கண்ணாடிபோல் பளபளக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘மக்கும்’ என்றிருக்கும்.

“சார், அதுலயே எழுதியிருக்கு பாருங்க” என்றார் அக்கா.

“எழுதினா ஆச்சா? நெத்தியில மந்திரின்னு எழுதிக்கிட்டா நான் மந்திரியாம்மா?” என்றார் ஆய்வாளர்.

நிரூபித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கிண்ணத்தையும் மூடியையும் பூந்தொட்டியில் புதைத்தோம். சில வாரம் கழித்துத் தோண்டினால், கிண்ணம் மண்ணோடு மண்ணாகியிருந்தது. மூடியைத் துடைத்ததும் அதில் அக்காவின் முகம் தெரிந்தது.

“டேய் தம்பி, மூடி மக்கலை. நாமதான்டா மக்கு!” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

தயாரித்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன். “மக்கும் சார், கண்டிப்பா மக்கும். ஆனா நல்லா சூடு ஏத்துற உரக்கூடத்துல போடணும். பூந்தொட்டியில போட்டா எப்படி?” என்றார். அப்படியொரு கூடம் நம் ஊரில் இல்லை.

குப்பை வண்டிக்காரரோ, மூடியை மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போட்டால் பிளாஸ்டிக் என்று திருப்பித் தருகிறார். மக்காத குப்பைக்கான நீலத்தில் போட்டால், “மக்கும்னு போட்டிருக்குல்ல, பச்சையில போடுங்கக்கா” என்கிறார்.

ஆய்வாளர் பொய் சொன்னாரா, மூடி பொய் சொன்னதா என்று எனக்கே இப்போது குழப்பம். ரசீது, புகைப்படம், முத்திரையின் நகல் எல்லாம் என் கோப்பில் உள்ளன. விடைதான் இல்லை.

வாடிக்கையாளர்கள் வேறிடம் போகத் தொடங்கிவிட்டனர். “மூடியே வேணாம்டா, காகிதம் போட்டு மூடிக்கிறேன். கதவைத் திறக்கச் சொல்லு” என்கிறார் அக்கா. இந்த மனுவில் அப்படி எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ, அதுவும் தெரியவில்லை.

ஆகவே கேட்கிறேன்: ‘மக்கும்’ என்றால் எங்கே மக்கும்? அது தெளியும்வரை, மண்ணில் மக்கிய கிண்ணத்தை மட்டும் வைத்து என் அக்கா அடுப்பு மூட்டலாமா? வாய்மொழி வேண்டாம். கையொப்பமிட்டு, எழுத்தில் பதில் தருக.