போயிட்டு நாளைக்கு வா

மாசானத்துக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. மகள் கனிஷ்காவுக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் காதுகுத்து! சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வேன் நிறைய மாமனார் வீட்டு ஜனம் வந்து இறங்கியாயிற்று. மைத்துனன் சுடலைதான் தாய்மாமன். அவன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும், அதுதான் முறை.

மாசானம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் அவன் குடித்த குடி இருக்கிறதே, அப்பப்பா! கம்பெனி கேட்டில் ஊதச் சொல்லும் மெஷின் வந்த மாதமே மூன்று தடவை மாட்டினான். மூன்று தடவையும் செக்யூரிட்டி தணிகாசலம், "போய்ட்டு நாளிக்கு வாப்பா" என்று திருப்பி அனுப்பினார். நான்காவது தடவை மாட்டியிருந்தால் வேலையே போயிருக்கும். மூன்றாவது தடவை திரும்பிய அன்றைக்கு விட்டவன்தான், இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கதையைக் கேட்ட கனிஷ்கா சும்மா இருப்பாளா? தினமும் அவன் மண்ணூர் வீட்டுக்குத் திரும்பியதும் வாசலில் சோப்பு டப்பாவை நீட்டுவாள். "ஊது!" ஊதுவான். முகர்ந்து பார்த்து, "சரி, உள்ள போ" என்பாள். ஐந்து வயதுக்கு என்ன அதிகாரம்!

மண்டபத்தில் ஆசாரி ஊசியோடு தயார். சுடலை மட்டும் உட்காராமல் நின்றான்.

"மாப்ள, விருந்துல எங்கூட ஒரு ரவுண்டு உக்காருதேன்னு சொல்லும். பெறவு பிள்ளைய மடியில வைக்கேன்."

"அது மட்டும் வேண்டாம் மச்சான். வேற என்னன்னாலும் கேளுங்க."

"எங்கள விட ஒசந்துட்டீரோ? அப்ப வேற மாமன் பாத்துக்கிடும்!"

மாமனார் உச்சிமாகாளியும் சேர்ந்துகொண்டார். "ஒரு நாளைக்குத்தான மருமவனே, சரின்னு சொல்லுங்க."

அத்தனை பேரும் மாசானத்தின் வாயையே பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் நடந்துவிடும். ஆனால் ஒரு ரவுண்டோடு நிற்கிற ஆளா அவன்? அது அவனுக்கே தெரியும்.

"மாட்டேன் மச்சான்!" மண்டபம் முழுக்கக் கேட்டது.

சுடலை விருட்டென்று படியிறங்கினான். கனிஷ்கா ஓடிப்போய் வழிமறித்துக் கையைக் குவித்து நீட்டினாள். "மாமா, ஊது!" ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே ஊதிவிட்டான், மடையன்! வேனிலேயே ஒரு கட்டிங்கை உள்ளே தள்ளியிருந்தது யாருக்குத் தெரியும்? பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது.

"போயிட்டு நாளைக்கு வா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாசானத்தின் மனைவி, சுடலையின் தங்கை முத்துச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. "என் பிள்ள காதுகுத்துக்கு இப்படியா அண்ணே வந்த?" சுடலைக்குத் தலை தொங்கிவிட்டது. ஆசாரி ஊசியைப் பெட்டியில் வைத்தார். "நாளிக்கும் முகூர்த்தம் கீதுபா, காலீல வந்துடுங்க."

வேன் ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் குளித்து, விபூதி பூசி, படியில் வந்து நின்றவன் சுடலைதான். மருமகள் முன்னால் குனிந்து ஊதினான். அவள் ரொம்ப நேரம் முகர்ந்தாள்.

"சரி, உள்ள போ."

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுடலை மாசானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"மாப்ள, ஒரு ராத்திரிக்கே எனக்குக் கண்ணு மூடல. ரெண்டு வருசம் எப்படிவே இருந்தீரு?"