ஐந்து மணிக்கு மேல் ஐம்பத்தைந்து டிகிரி

சோப்பும் தலைமுடியும் சேர்ந்து கருகினால் வரும் நாற்றம்... எம்.எஸ்சி. கடைசி வருஷம் முழுக்க என் துப்பட்டாவில் அந்த வாடைதான். செஞ்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

புராஜெக்ட் இதுதான். எங்கள் ஊர் ரைஸ் மில் உமியை எரித்து, சாம்பலிலிருந்து சிலிக்கா எடுத்து, சோப்பு மாதிரி ஒரு ரசாயனத்தோடு உறைய வைக்க வேண்டும். உறைந்த பொடியை ஃபர்னஸில் சூடேற்றினால் சோப்பு எரிந்துபோகும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். சமைத்து மிஞ்சிய எண்ணெயை டீசலாக்கும் வினை அந்த ஓட்டைகளுக்குள்தான் வேகமாக நடக்கும்.

நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் ஏற்றலாம். அவசரப்பட்டால் ஓட்டைகள் இடிந்துவிடும். எங்களுடையது பழைய ஃபர்னஸ், பக்கத்திலேயே நின்று குமிழைத் திருப்ப வேண்டும். லேப் திறந்ததும் காலை ஒன்பதேகாலுக்கு ஆரம்பித்தால் ஐந்நூற்றைம்பது டிகிரியைத் தொட மாலை ஆறு ஆகும்.

பெண்கள் ஐந்து மணிக்கு லேபை விட்டு வெளியேற வேண்டும். அது விதி. பையன்கள் இருக்கலாம். பெண் இருக்க வேண்டுமென்றால் அப்பாவோ அண்ணனோ கூட இருக்க வேண்டும்.

அதனால் இரண்டு முறை வேகமாக ஏற்றினேன். இரண்டும் இடிந்தன.

"உனக்குக் கை வரலம்மா. பசங்ககிட்ட குடுத்துடு" என்றார் புராஜெக்ட் கைடு சார். அந்தப் பசங்கள் ஆறு மணிவரை நின்று ஏற்றியதை யாரும் பேசவில்லை.

இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் பொடி மிச்சம். அதுவும் போனால் பிஎச்.டி. இன்டர்வியூவில் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

அப்பாவை, எங்கள் ஊர்ப் பேச்சில் நைனாவை, வரச் சொன்னேன். மில்லில் மூட்டை தூக்குபவர், அன்றைய வேலையை விட்டுவிட்டு நாலரைக்கு வந்து கையெழுத்துப் போட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஐந்து மணி. மீட்டரில் நானூற்றுத் தொண்ணூற்றைந்து. லைட் ஒருமுறை மங்கி எரிந்தது. கரண்ட் போனால் எல்லாம் முடிந்தது... குமிழை இன்னும் ஒரு கோடு திருப்பினேன்.

பயத்தை மறைக்க ஏதோ பேசினேன். இந்தப் பொடி ஒரு கிராமுக்குள் மூன்று கிரவுண்டு அளவுக்குப் பரப்பு இருக்கும் என்றேன்.

"பட்டா யார் பேர்ல இருக்குது?" என்றார். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து, "நான் இன்னா பண்ணணும் இங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணா நைனா. சும்மா உக்காந்திரு. நீ இருந்தாதான் என்ன இங்க இருக்க வுடுவாங்க."

அவர் முகம் மாறியது. "பொண்ண நம்பாதவனுங்க எதுக்குமா சீட்டு குடுத்தானுங்க?"

ஆறு மணிக்கு ஐந்நூற்றைம்பது. இந்த முறை ஓட்டைகள் நின்றன. பிஎச்.டி. இடமும் கிடைத்தது.

இன்று நான் வேலை பார்க்கும் லேபில் எண்களை அழுத்திவிட்டால் போதும், ஃபர்னஸ் தானே ஏறி இறங்கும். நான் எப்போது போகிறேன் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் நைனாவோடு அப்படி ஒரு மணி நேரம் சும்மா உட்கார அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை...

பழைய காலேஜில் அதே ஃபர்னஸ், அதே விதி. போன வாரம் ஒரு ஜூனியர் மெசேஜ் அனுப்பினாள்.

"அக்கா, எனக்கு நைனா இல்ல, அண்ணனும் இல்ல. அம்மா வந்தா ஒத்துக்குவாங்களா?"

பதிலை நாலு முறை டைப் செய்து அழித்துவிட்டேன்.

வரும் வியாழக்கிழமை ஃபர்னஸில் அவள் முறை.